‘அந்த ஏரியாவா?’: பயத்தின் வரைபடமும் குற்றத்தின் வரைபடமும்

1975 ஜூன் மாதம் நியூயார்க் விமான நிலையங்களில் வந்திறங்கிய பயணிகளுக்கு ஒரு சிறு கையேடு வினியோகிக்கப்பட்டது. அட்டையில் முக்காடு போட்ட மண்டையோடு. ‘அச்ச நகரத்துக்கு நல்வரவு’ என்று தலைப்பு. மாலை ஆறு மணிக்கு மேல் தெருவில் இறங்காதீர்கள், எங்கும் நடந்து போகாதீர்கள், சுரங்க ரயிலில் ஏறவே ஏறாதீர்கள், மன்ஹாட்டனை விட்டு வெளியே போகாதீர்கள் என்று உள்ளே வரிசையாக எச்சரிக்கைகள். இதை அச்சடித்தது ஏதோ ஒரு பரபரப்புப் பத்திரிகை என்று நினைத்தால் தவறு. அந்த நகரத்தின் போலீஸ் சங்கங்களும் தீயணைப்பு ஊழியர் சங்கங்களும் சேர்ந்து செய்த வேலை இது. நகர நிர்வாகத்தின் கஜானா காலியாகி, ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களை வீட்டுக்கு அனுப்பத் திட்டம் தயாராகியிருந்தது. ‘நாங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் பாருங்கள்’ என்பதே கையேட்டின் உட்பொருள்.

முழுப் பொய் என்று அதைத் தள்ளிவிடவும் முடியாது. அந்த ஒரே ஆண்டில் நியூயார்க்கில் 1,600க்கும் மேற்பட்டோர் கொலை செய்யப்பட்டார்கள். அதே சமயம், ஆறு மணிக்கு மேல் தெருவில் இறங்கி, நடந்து, ரயிலேறி, பத்திரமாக வீடு திரும்பியவர்கள் தினம் தினம் லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஆபத்தும் உண்மை, மிகையும் உண்மை. எழுபது லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த ஒரு நகரத்துக்கு ஒரே நிறத்தைப் பூசியதில்தான் அந்தக் கையேடு தவறியது. இன்று புது ஊருக்கு வேலை மாறிப் போகிறவர் வாடகைக்கு வீடு பார்க்கும்போது ‘அந்த ஏரியாவா? வேண்டவே வேண்டாம்’ என்று யாராவது சொல்கிறார்கள் அல்லவா, அதிலும் இதே கோளாறுதான் இருக்கிறது. சொல்பவரிடம் ஓர் உண்மை இருக்கும். ஆனால் அதை அவர் எந்த அளவுகோலில் சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

எண்களும் எண்ணங்களும் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு அமெரிக்காவைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அங்கே 1993க்கும் 2022க்கும் இடையில் வன்முறைக் குற்ற விகிதம் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. நியூயார்க் நகரத்தில் 1990இல் 2,245 கொலைகள், 2017இல் 292. அந்தச் சரிவு நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் மக்களிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தது: போன வருடத்தைவிட இந்த வருடம் நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா? பெரும்பாலான வருடங்களில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் ‘கூடியிருக்கிறது’ என்றே பதில் சொன்னார்கள். 2020இல் கொலைகள் சுமார் 30% எகிறின. கொலையைப் பொறுத்தவரை அந்த வருடம் அவர்கள் சொன்னது சரி. 2023இல் கொலைகள் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அப்போதும் 77% பேர் கூடியிருப்பதாகத்தான் சொன்னார்கள்.

அந்தக் கருத்துக்கணிப்பிலேயே இன்னொரு கேள்வி உண்டு: ‘நாட்டில்’ என்பதற்குப் பதிலாக ‘நீங்கள் இருக்கும் பகுதியில்?’ 2023இல் இதற்குக் கூடியிருக்கிறது என்றவர்கள் 55%. வேறு வருடங்களிலும் இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே இடைவெளி இருந்தே வந்திருக்கிறது. தன் தெருவை மனிதர் கண்ணால் பார்க்கிறார், பிற இடங்களைச் செய்தியில் பார்க்கிறார். செய்திக்கு வருவது நடந்தது மட்டுமே. எதுவும் நடக்காத தெருக்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973இலேயே இதற்கு அடிப்படையான ஒன்றைக் காட்டியிருந்தார்கள்: எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுவே அடிக்கடி நடப்பதாக மனம் கணக்குப் போடுகிறது. ஒரு கொடூரக் கொலை நினைவில் பத்து வருடம் நிற்கும். பத்து வருடமாகக் கொலையே நடக்காதது நினைவில் நிற்பதற்கு வழியில்லை.

சரி, எண்ணத்தை விட்டு எண்ணை நம்பலாம் என்றால், எண்ணுக்கும் அதன் சொந்தக் கதை இருக்கிறது. போலீஸ் பதிவில் இருப்பது நடந்த குற்றம் அல்ல, புகாராகி, ஏற்கப்பட்டு, பதிவான குற்றம். இடையில் எவ்வளவோ உதிர்ந்துவிடும். அதனால்தான் அமெரிக்காவில் 1973 முதலும், இங்கிலாந்தில் 1982 முதலும், வீடு வீடாகப் போய் ‘உங்களுக்கு ஏதாவது நடந்ததா, புகார் கொடுத்தீர்களா’ என்று நேரடியாகக் கேட்கும் ஆய்வுகளை நடத்துகிறார்கள். போலீஸ் கணக்கில் கொஞ்சமாவது முழுமையாக இருப்பது கொலைதான். பிணத்தை மறைப்பது கடினம். வாகனத் திருட்டும் ஓரளவு முழுமையாகப் பதிவாகும். காப்பீட்டுப் பணம் வாங்கப் புகார் எண் தேவை. பாலியல் வன்முறைதான் மிக அதிகமாக உதிர்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. பெண்கள் துணிந்து புகார் கொடுக்கும் இடத்தில், அதைப் போலீஸ் ஒழுங்காகப் பதிவு செய்யும் இடத்தில், குற்ற விகிதம் கூடித் தெரியும். சுவீடன் 2005இல் பாலியல் வல்லுறவுக்கான சட்ட வரையறையை விரிவாக்கியது. ஒருவர் பலமுறை பாதிக்கப்பட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணும் வழக்கமும் அங்கே இருக்கிறது. உலகப் பட்டியல்களில் அந்த நாடு உச்சியில் தெரிவதற்கு இவை முக்கியக் காரணங்கள். பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் வேறு கதை கட்டினார்கள்.

குற்ற எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்துத்தான் விகிதம் போடுகிறார்கள். அந்த வகுக்கும் எண்ணும் ஏமாற்றும். ‘மிக ஆபத்தான நகரங்கள்’ பட்டியலில் ஆண்டுதோறும் இடம்பிடிக்கும் அமெரிக்க ஊர் செயின்ட் லூயிஸ். அந்த நகரம் 1876இல் தன்னைச் சுற்றியிருந்த மாவட்டத்திலிருந்து பிரிந்து எல்லையைப் பூட்டிக்கொண்டது. ஆகவே இன்று ‘செயின்ட் லூயிஸ் நகரம்’ என்பது இருபத்தெட்டு லட்சம் பேர் வாழும் பெருநகரப் பரப்பின் நடுவிலுள்ள சுமார் மூன்று லட்சம் பேர் மட்டுமே. வேறு ஊர்களில் அமைதியான புறநகர்கள் நகர எல்லைக்குள் சேர்ந்து சராசரியைக் குறைக்கும். இங்கே அவை கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அங்கே கொலைகள் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதில்தான் எல்லைக்கோட்டின் கை இருக்கிறது. இப்படித் தரவரிசை போடாதீர்கள் என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயே எச்சரிக்கிறது, ஆனாலும் போடுகிறார்கள். ஒரு நகரத்துக்குள்ளும் இதே கதை நடக்கும். கடைவீதியும் ரயில் நிலையமும் உள்ள மையப்பகுதியில் குடியிருப்பவர்கள் சில ஆயிரம், வந்து போகிறவர்கள் சில லட்சம். அங்கே நடக்கும் பிக்பாக்கெட்டுகளைக் குடியிருப்பவர் எண்ணிக்கையால் வகுத்தால் அது நரகம்போலத் தெரியும்.

வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் சரியாகிவிடுமா? லாஸ் ஏஞ்சலஸில் 2009இல் இணையத்தில் இருந்த குற்ற வரைபடம் ஒன்று நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இடத்தை ஊரிலேயே மோசமானதாகக் காட்டியது. விசாரித்தால், முகவரியைக் கணினியால் கண்டுபிடிக்க முடியாத வழக்குகளை எல்லாம் மென்பொருள் தானாகவே அந்த ஒரு புள்ளியில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தது.

இத்தனை எச்சரிக்கைகளுக்கும் பிறகு, எந்த நகரத்தில் எந்த முறையில் அளந்தாலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு முடிவு இருக்கிறது. இந்த விஷயத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். குற்றவியல் ஆய்வாளர் லாரன்ஸ் ஷெர்மனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு வருடத்தில் போலீஸை அழைத்து வந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி அழைப்புகளை முகவரிவாரியாகப் பிரித்து 1989இல் வெளியிட்டார்கள். ஊரிலுள்ள முகவரிகளில் சுமார் 3% இடங்களிலிருந்து மட்டும் பாதி அழைப்புகள் வந்திருந்தன. பிறகு டேவிட் வைஸ்பர்ட் சியாட்டிலில் பல ஆண்டுப் பதிவுகளைத் தெருத்துண்டு தெருத்துண்டாக எடுத்துப் பார்த்தார். தெருத்துண்டு என்றால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் உள்ள நீளம். பாதிக் குற்றங்கள் 4, 5% துண்டுகளுக்குள் அடங்கின. வருடங்கள் ஓடியும் இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. பாஸ்டனில் 1980 முதல் 2008 வரையிலான துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள்: நகரத்தின் தெருத்துண்டுகள், சந்திப்புகள் எல்லாவற்றிலும் 5%க்கும் குறைவான இடங்களைச் சுற்றியே ஆண்டுக்கணக்காகத் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ‘மோசமான ஏரியா’ என்று ஊரே பெயர் வைத்திருக்கும் பகுதியிலும் பெரும்பாலான தெருக்களில் பெரும்பாலான நாட்கள் ஒன்றும் நடப்பதில்லை. ‘நல்ல ஏரியா’விலும் ஒரு குறிப்பிட்ட மூலை மட்டும் அழுகிப்போயிருக்கலாம்: ஒரு மதுக்கூடத்தின் பின்பக்கம், கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு கட்டடம், கடைசிப் பேருந்து நின்று போகும் இடம். சியாட்டில் ஆய்விலேயே, கொதிக்கும் தெருத்துண்டுக்கு அடுத்ததாகவே அமைதியான துண்டு இருந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. இந்தப் பானை சீராக வெந்ததே இல்லை. வெளியிலிருந்து வருபவர் ‘அங்கே போகாதே’ என்கிறார், அங்கேயே முப்பது வருடம் வாழ்ந்தவர் ‘எனக்கு ஒன்றும் ஆனதில்லையே’ என்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பொய்யராக நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு எந்த மூலையை எத்தனை மணிக்கு மேல் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது தெரியும். அந்த அறிவு இல்லாதவர் மொத்த ஏரியாவையும் அந்த மூலையாக்கிக்கொள்கிறார்.

எங்கே என்பதோடு யாருக்கு என்பதும் சேர்ந்தது. 2021இல் உலகம் முழுவதும் சுமார் 4,58,000 பேர் கொலை செய்யப்பட்டதாக ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகம் கணக்கிட்டது. இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். தெருவில் அடிபடுவதும் குத்துப்படுவதும் பெரும்பாலும் இளைஞர்கள். ஆனால் ‘இருட்டிய பிறகு இந்தப் பகுதியில் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறதா’ என்று கேட்டால் கூடுதலாக ஆமாம் சொல்வது பெண்களும் முதியவர்களும்தான். முரண் என்று ஆய்வாளர்கள் இதைப் பல காலம் பேசிவந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிலர் சிரித்தும் விட்டார்கள்.

சிரிப்பதற்கு இதில் எதுவும் இல்லை. பயந்தவர் வெளியே வரமாட்டார். வராதவர் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் ஏறமாட்டார். அந்தக் குறைந்த எண்ணிக்கையே பயத்தின் விளைவுதான், அதைக் காட்டிப் பயம் வீண் என்று நிரூபிக்க முடியாது. மேலும் கூடவே நடந்து வருவது, வழிமறிப்பது, அசிங்கமாகப் பேசுவது எதுவும் பெரும்பாலும் வழக்காவதில்லை. பெண்ணின் உடம்பு அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. கென்னத் ஃபெராரோ என்ற ஆய்வாளர் 1990களில் இன்னொன்றைச் சுட்டினார்: பெண்களுக்கு வழிப்பறி, வீடு புகுதல் போன்ற எந்தக் குற்றத்தின் பயத்துக்குப் பின்னாலும் பாலியல் வன்முறையின் பயம் நிழலாக நிற்கிறது. பணப்பையைக் கேட்டு வருபவன் பணப்பையோடு போய்விடுவான் என்று ஓர் ஆண் நம்பலாம்.

பயம் நியாயமானது, ஆனால் அது பார்க்கும் திசை வேறு. 2023இல் உலகம் முழுவதும் வேண்டுமென்றே கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்கள், சிறுமிகளில் 51,100 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தாரோ என்கிறது அதே ஐ.நா. அலுவலகம். அறுபது சதவீதம். ஏரியாவை எவ்வளவு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஆபத்தின் முகவரி மாறுவதில்லை.

பிறகு மனம் எதைப் பார்த்து ஓர் இடத்தை ஆபத்து என்று முடிவு செய்கிறது? உடைந்த விளக்கு, சுவர்க் கிறுக்கல், குப்பை, சும்மா நிற்கும் இளைஞர் கூட்டம். ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் 1982இல் எழுதிய ‘உடைந்த ஜன்னல்’ கட்டுரை இந்த உள்ளுணர்வுக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தது: சின்னச் சீர்கேட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெரிய குற்றம் வந்து குடியேறும். பல நகரங்களின் போலீஸ் கொள்கையே இதை வைத்து மாறியது. ஆய்வாளர்கள் ராபர்ட் சாம்ப்ஸன், ஸ்டீஃபன் ராடன்புஷ் இருவரும் இதைச் சோதித்துப் பார்க்க, 1995இல் சிகாகோவின் ஆயிரக்கணக்கான தெருக்களை மெதுவாக ஓடும் வண்டியிலிருந்து வீடியோ எடுக்க வைத்தார்கள். எந்தத் தெருவில் உண்மையிலேயே எவ்வளவு குப்பை, எவ்வளவு கிறுக்கல் என்று எண்ணி, அதே பகுதிவாசிகள் ‘எங்கள் ஏரியாவில் சீர்கேடு இவ்வளவு’ என்று சொன்னதோடு ஒப்பிட்டார்கள். 2004இல் வந்த முடிவு சங்கடமானது. கண்ணுக்குத் தெரிந்த சீர்கேடு ஒரே அளவாக இருந்தாலும், கறுப்பினத்தவரும் ஏழைகளும் கூடுதலாக வாழும் பகுதியில் சீர்கேடு அதிகம் என்றே மக்கள் சொன்னார்கள். சொன்னவர்களில் கறுப்பினத்தவரும் அடக்கம். அதற்கு முன்பே லிங்கன் குவில்லியனும் டெவா பேஜரும் சிகாகோ, சியாட்டில், பால்டிமோர் தரவுகளில், கறுப்பின இளைஞர்களின் விகிதம் கூடக் கூட ‘இங்கே குற்றம் அதிகம்’ என்ற எண்ணமும் கூடுவதைக் காட்டியிருந்தார்கள். குற்ற விகிதத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அது கூடியது.

அதாவது ‘அந்த ஏரியா சரியில்லை’ என்ற வாக்கியத்தில் பல நேரம் ‘அந்த ஆட்கள் சரியில்லை’ என்பது ஒளிந்திருக்கிறது. இனம், மதம், சாதி, வர்க்கம், புலம்பெயர்ந்தவர் என்று ஊருக்கு ஏற்ப ஆள் மாறுவார், வாக்கியம் மாறாது. 2015 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியான ஃபாக்ஸ் நியூஸில் ஒருவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் முழுக்க முஸ்லிம்கள் வாழும் ஊர், மற்றவர்கள் உள்ளே போவதே இல்லை என்று அடித்துச் சொன்னார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும், பல மதத்தவர் கலந்த நகரம் அது. தொலைக்காட்சி மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த மன்னிப்பு காதில் விழுந்தவர்கள், வதந்தி காதில் விழுந்தவர்களில் எத்தனையில் ஒரு பங்கோ.

இப்போது இந்த வேலை கைப்பேசிக்கு வந்துவிட்டது. நியூயார்க்கில் 2016இல் ‘விஜிலாண்டே’ என்ற பெயரில் தொடங்கி, ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து சில நாளிலேயே நீக்கப்பட்டு, பிறகு ‘சிட்டிசன்’ என்ற பெயரில் திரும்பி வந்த செயலி, பக்கத்தில் நடக்கும் அவசர அழைப்புகளை உடனுக்குடன் அறிவிக்கிறது. நான்கு தெரு தள்ளி யாரோ கத்தியோடு நிற்கிறார் என்று இரவு பதினொன்றுக்கு அறிவிப்பு வந்தால், முன்பு தெரியாமலே தூங்கியிருக்கக்கூடியவர் விழித்துக்கொண்டிருப்பார். குற்றம் கூடவில்லை, அதன் சத்தம் கூடியிருக்கிறது. 2021 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத் தீ ஒன்றை வைத்தவர் என்று ஒருவருடைய படத்தைப் போட்டு, பிடித்துக் கொடுத்தால் 30,000 டாலர் என்று அந்தச் செயலி அறிவித்தது. படத்தில் இருந்தவருக்கும் தீக்கும் சம்பந்தமே இல்லை.

பயம் வேறு, குற்றம் வேறு. இரண்டுக்கும் மருந்தும் சில நேரம் வேறாகவே இருக்கிறது. 1970களில் நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் போலீஸ்காரர்களைக் காரிலிருந்து இறக்கித் தெருவில் நடந்து ரோந்து போகச் செய்தார்கள். ஆய்வு முடிவில் குற்றம் குறையவில்லை. ஆனால் மக்கள் முன்பைவிடப் பாதுகாப்பாக உணர்ந்தார்கள். உடைந்த ஜன்னல் கட்டுரையே இந்தச் செய்தியில்தான் தொடங்குகிறது. ஏமாற்று வேலை என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயமில்லாமல் வெளியே உட்கார முடிவதற்கும் மதிப்பு உண்டு. 2009 கோடையில் ஃபிலடெல்ஃபியா இதே நடைரோந்தை வேறு விதமாகச் செய்தது. ஊர் முழுக்கப் பரப்பாமல், வன்முறை குவிந்திருந்த 60 சிறு பகுதிகளுக்கு மட்டும் ஆள் போட்டார்கள். பன்னிரண்டு வாரங்களில், ஆள் போடாத ஒத்த பகுதிகளோடு ஒப்பிட்டால், அங்கே வன்முறைக் குற்றம் 23% குறைந்தது. குவிந்திருக்கும் இடத்தில் குவித்தால்தான் பலன் என்பதைத் தெருத்துண்டுக் கணக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது.

பயம், குற்றம் இரண்டையும் ஒன்றாகக் குறைத்த முயற்சியும் ஃபிலடெல்ஃபியாவிலேயே நடந்தது. கேட்பாரற்றுப் புதர் மண்டிக் கிடந்த 541 காலிமனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, சில மரம் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். வேறு சிலவற்றைச் சுத்தம் மட்டும் செய்தார்கள், மீதியை அப்படியே விட்டார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, ஏழ்மையான பகுதிகளில் சீரமைத்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29% குறைந்தது. குற்றம் நடப்பதாக மக்கள் உணர்வதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. வெளியே வந்து பொழுதுபோக்குவது கூடியது. துப்பாக்கி ஒளித்துவைக்க வசதியாயிருந்த புதர் போனது ஒரு காரணம், மனிதர்கள் வாசலுக்கு வந்தது இன்னொரு காரணம். நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் 2016இல் கூடுதல் விளக்குகள் வைத்துப் பார்த்த சோதனையிலும் இரவில் வெளியே நடக்கும் கடுமையான குற்றங்கள் 36% குறைந்தன. எந்த ஏரியாவுக்கும் ‘இது இப்படித்தான்’ என்ற தலையெழுத்து இல்லை என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நகரத்தையே விட்டு ஓடிவிடுவது வேறு சிலர் கண்ட வழி. அமெரிக்க மாவட்டங்களை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, கொலை, விபத்து எல்லாம் சேர்த்துக் காயத்தால் சாகும் அபாயம் பெருநகரங்களைவிட மிகவும் கிராமப்புறமான மாவட்டங்களில் சுமார் 20% அதிகம் என்று கண்டது. கொலை நகரத்தில்தான் கூடுதல். ஆனால் சாலை விபத்து அந்த வித்தியாசத்தை விழுங்கி மேலேயும் போய்விட்டது. உலக அளவில் சாலையில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாகிறார்கள், கொலையாகிறவர்களைப் போல இரண்டரை மடங்கு. கொலைகாரனுக்குப் பயந்து வீடு மாறியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தினமும் இன்னும் நாற்பது நிமிடம் காரோட்ட வேண்டுமே என்று பயந்து மாறாமல் இருந்தவரை நான் பார்த்ததில்லை.

வீடு பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஆகவே சின்னச் சின்னவை. இந்தத் தெருவில் எந்த வகைக் குற்றம் நடக்கிறது, வண்டி திருடுவதா, ஆளை அடிப்பதா? எத்தனை மணிக்கு? கடந்த ஒரு மாதத்திலா, பத்து வருடத்துக்கு முன்பா? இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் எந்த வழியாக வருகிறார்கள், எந்த வழியைத் தவிர்க்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் எந்த வரைபடத்திலும் இருக்காது. அதே தெருவில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்து, பேருந்திலிருந்து இறங்கி நடந்து போகும் இரண்டு பேரிடம் கேட்டால் கிடைத்துவிடும்.